ஐந்து கட்டங்கள்

பெலேம் நகரில், ஏழாம் வகுப்பு.
சட்டையை முழங்கைவரை மடித்து
மேசைமேல் கைகளை அடுக்கச் சொன்னேன்,
வெளுப்பிலிருந்து கருப்புக்கு.

தள்ளுமுள்ளு.
எவால்டோ மூன்றாவதா, நான்காவதா?
வெயிலில் பந்தாடிய முன்கை ஓரிடம் கேட்டது,
கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு வேறிடம்.
இரண்டு மணி மழை இருட்டிக்கொண்டு வந்தது;
வரிசை மறுபடி குலைந்தது.

பிறகு சேர்க்கைப் படிவங்களைப் பிரித்தோம்.
ஜுரேமாவும் ஜாசிராவும் இரட்டையர்.
ஒருத்தி கட்டத்தில் 'வெள்ளை', மற்றவளுக்குப் 'பழுப்பு'.
"நடுவிலே எழுத்தர் மாறிட்டார் டீச்சர்,
சாப்பாட்டு வேளை."

வகுப்பே சிரித்தது.
பின்வரிசையில் ஒசியேல் சிரிக்கவில்லை:
"நேற்று பேருந்திலிருந்து
என்னை மட்டும் இறக்கிச் சோதித்த போலீஸ்காரர்
படிவம் எதையும் பார்க்கலையே?"

பலகையில் நான் எழுதியிருந்த
'கற்பிதம்' என்ற சொல்லை
அழிக்கவும் கை வரவில்லை,
அடிக்கோடிடவும்.
மழை விட்டபாடில்லை.