ஜோடிக் கணக்கு

கல்யாணமாகி நாற்பத்தொரு நாள்.
ஒரே கூரையின்கீழ் தூங்கியது பத்தொன்பது இரவு.
மிச்சத்தைக் கோபிப் பாலையின் நிலக்கரிச் சுரங்கம் தின்றது.
தெமூலென் அங்கே லாரி ஓட்டுகிறான்.

ஆகவே வியட்நாமில், நா ட்ராங் கடற்கரையில்
இந்த ஏழு நாளைத் தேனிலவு என்பதைவிட
அறிமுகப் படலம் எனலாம்.
காலுறையோடு தூங்குவான் என்பது
முதல் இரவில் எனக்குத் தெரிந்தது.
கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவேன் என்பது
இரண்டாம் நாள் அவனுக்கு.
ஓட்டல் அறையில் கழுவ என்ன இருக்கிறது?
ஒரே தம்ளரை நாலு முறை கழுவினேன்.

கடலை இருவரும் இப்போதுதான் பார்க்கிறோம்.
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"நம்ம புல்வெளிதான். குதிரைதான் போகாது."
அந்த ஒரு வாக்கியத்துக்காக
எதையோ மன்னித்தேன்,
எதை என்று இப்போது நினைவில்லை.

மீனை மட்டும் தொடமாட்டான்.
"கண்ணை மூடாமலே சாகுது, அதை எப்படித் தின்ன?"
மீன் மணக்கும் ஊரில்
ஆட்டிறைச்சி தேடி மூன்று நாள் அலைந்தோம்.
கிடைத்த ஒரே ஒரு கபாப்
அவன் வயிற்றைப் புரட்டிப் போட்டது.
ஆடு. மீனல்ல.
நான் சொல்லிக்காட்டவில்லை.
ஒரு தடவைதான் சொன்னேன்.

நாலாம் நாள் காலை
முனகலின்மேல் போர்வையை இழுத்துவிட்டு
தனியாகப் படியிறங்கினேன்.
பசி. வெட்கமே இல்லாத பசி.

சந்து முனையில் கரியடுப்பு,
அதன்மேல் குழி குழியாய் மண்சட்டி,
குழிக்கொரு குட்டி மூடி.
துயெட் என்று பலகையில் பெயர்.
அரிசி மாவு ஊற்றினாள், சுர்ரென்றது.
ஒன்றில் கணவாய்த் துண்டு, ஒன்றில் காடை முட்டை.
ஐந்து விரல் காட்டினேன்.
அவள் ஆறு காட்டினாள்.
மறுபடி ஐந்து. மறுபடி ஆறு.
பேரம் என்று நினைத்து முறைத்தேன்.

ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் கவிழ்த்தாள்,
முகத்தோடு முகம்,
நடுவே வெங்காயத்தாள் எண்ணெய்.
ஓ.
இந்தப் பலகாரம் ஜோடியாகத்தான் விற்கும்.
ஒற்றைக்கு விலையே கிடையாது.

சரி, ஆறு. அப்புறம் இன்னோர் ஆறு.
மாங்காய்க் கீற்று, மீன்சாறு, மிளகாய்.
மூக்கொழுக, உதடெரிய,
புருஷனை முழுசாக மறந்து சாப்பிட்டேன்.
இதையும் எங்காவது குறித்து வைக்க வேண்டும்:
ஒரு கால்மணி நேரம் நான் ஒருத்தியாக இருந்தேன்,
நன்றாக இருந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது.
கன்னத்தில் கைவைத்துத் தூக்கம் காட்டி,
வயிற்றைப் பிடித்து, முகம் சுளித்து நடித்தேன்.
துயெட் சிரித்தபடி, தன் மதியத் தூக்குச்சட்டியிலிருந்து
பாதிக் கஞ்சியைப் பையில் ஊற்றி முடிச்சிட்டாள்.
காசு வாங்கவில்லை.
கைப்பையைத் துழாவினேன்.
"அங்கே சாப்பிட ஒன்றும் கிடைக்காவிட்டால்" என்று
மாமியார் கட்டிக் கொடுத்த உலர்தயிர்க் கட்டி.
கடித்தாள். தாடையைப் பிடித்துக்கொண்டாள்.
கல்லையா தருகிறாய் என்று கேட்டிருப்பாள்,
ஆனாலும் துப்பாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்தாள்.

அறையில் அவன் தம்ளரில் கஞ்சி குடித்தான்.
"என்ன போட்டிருக்கு?"
"உப்பு."
"என்ன உப்பு இது, இவ்வளவு நல்லாயிருக்கு?"
"கடல் உப்பு."
பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அடியில் வெள்ளையாய் ஒரு துண்டு.
அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
"இதுக்குக் கண்ணே இல்லையே," என்று
வாயில் போட்டுக்கொண்டான்.

தம்ளரை வாங்கிக் குழாயைத் திறந்தேன்.
"கோபமா?" என்றான் படுக்கையிலிருந்து, கவலையாக.
"இல்ல. அழுக்கு."