இருபத்தேழாவது கேள்வி

வியாழக்கிழமை தணிக்கையாளர் வருகிறார்.
பத்தாங் பெர்ஜுந்தை, பழைய துரை பங்களா,
இப்போது பதினோரு அறை விடுதி.
அறை அறையாய்ப் பிளாஸ்டிக் போத்தல் பொறுக்கி
ஒன்பது மூட்டை கட்டினோம்.
லோரி வரவில்லை.
லயத்தில் தவமலர் வீட்டு அஞ்சடியில்
அடுக்கச் சொன்னார் முதலாளி.

பாரத்தைப் பென்சிலில் நிரப்புகிறேன்;
அவர் திருத்துவார்.
விருந்தினர் ஒருவருக்கு ஓர் இரவில் எவ்வளவு தண்ணீர்?
இருநூற்றுப் பத்து லிட்டர்.
லயத்துக் குழாய் காலையில் இரண்டு மணி நேரம்தான் ஓடும்,
அதற்குக் கட்டம் இல்லை.

இருபத்தேழு:
உள்ளூர் மக்களுக்கு என்ன தருகிறீர்கள்?

பின்வாசலில் தவமலர்.
"மூட்டை கதவ மறைக்குது தம்பி,
புள்ள பள்ளிக்கூடம் போவணும்."

எழுதினேன்:
ஒன்பது மூட்டை.
பிறகு அதன்மேல்
பேனாவால் ஒருமுறை.