மெட்டுக்கு நடுவில்

சுவருக்குக் காது உண்டு என்பது
யீஷூன் புளோக்கில் பழமொழி இல்லை,
கட்டுமான விவரம்.
அதனால் ஞாயிறு பத்து மணிக்கு முன்
அரம் எடுப்பதில்லை.

பத்து அடித்ததும்
சமையலறை ஜன்னலோரம் இஸ்திரி மேசையை விரித்து
கழுத்தைக் கிடத்தினேன்.
புக்கிட் பாத்தோக் பையன் ஒருவன்
நூற்றிருபது வெள்ளிக்கு விற்ற கிட்டார்.
நான்கு திருகாணி கழற்றியதும் உடம்பு தனியே,
அறுவை அறைக்கு வெளியே விட்ட செருப்பு மாதிரி
சோபாவில் கிடந்தது.

வாரநாட்களில் லோயாங்கில்
விமான எஞ்சினின் தகடுகளை ராவுகிறேன்.
பறவை மோதிய வடு, கல் கீறிய வடு.
எவ்வளவு ராவலாம் என்று கையேடு சொல்லும்.
அதற்கு மேல் மயிரிழை போனாலும்
கையெழுத்துப் போட ஆள் வராது.
இங்கே கையேடு இல்லை.
"பத்துக் காசு தடிமன் ஆழம் போதும்" என்றான் ஃபிர்தாவுஸ்.
அவன் வாசிப்பது டிரம்ஸ்.

மெட்டுகளின் மேல் காகித நாடா ஒட்டி
நடுவில் அரைவட்ட அரத்தை இழுத்தேன்.
முதலில் வந்தது அழுக்கு,
அந்தப் பையனின் பத்து வருட விரல்வியர்வை.
பிறகுதான் மரம்.
கருஞ்சிவப்பு.
கொஞ்சம் ரோஜா, மீதி மிளகு.
மூன்று தும்மல்.

தமிழில் இதுவும் மெட்டு, பாட்டும் மெட்டு.
நான் குடைவது
இரண்டுக்கும் பெயர் வைத்தவர்கள்
பெயர் வைக்காமல் விட்ட இடம்.

பன்னிரண்டாவதில் கை மிஞ்சியது.
இரண்டு முத்துப்பொட்டில் ஒன்று
வெங்காயத் தோலாய் மெலிந்து, தெறித்து,
துவைக்கும் இயந்திரத்தின் அடியில் போய்விட்டது.
குப்புறப் படுத்துத் துழாவியதில்
ஒரு துணிக்கவ்வி,
என் பழைய சீருடையின் காலர் பொத்தான்.
பொத்தானைச் சுற்றிலும் ராவி ஒட்டினேன்.
பொருந்தியது என்று சொல்ல மாட்டேன்.
நான்கு துளையால் என்னைப் பார்க்கிறது.

மடியில் சேர்ந்த பொடியை
ஜன்னலுக்கு வெளியே உதறினேன்.
தப்புதான். அபராதமும் உண்டு.

அழைப்புமணி.
ஏழாம் மாடி மேடம் சுவீ லான்.
கையில் ஈரப் போர்வை,
வெள்ளை முழுக்கச் செம்புள்ளி.
"மிளகாய் அரைக்கிறாயா?"
"இல்லை மேடம், கிட்டார்."
நம்பவில்லை. செருப்பை வாசலில் விட்டு
நேரே உள்ளே வந்தார்.

இஸ்திரி மேசையருகே நின்று
ஒற்றை விரலைக் குழிகளில்
ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி
கழுத்தின் கடைசிவரை போனார்.
"எங்கம்மாவோட துவைக்கிற பலகை லா" என்றார்.
பிறகு ஒரு குழியில் நின்று
"சோப்பு இங்கேதான் தேங்கும்."

எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.
போர்வையை என் தோளில் போட்டுவிட்டு
"ஆறு மணிக்கு வருவேன், நல்ல சோப்பு போடு" என்று போனார்.

என் கழியில் அவர் போர்வை.
தாள் நூற்றிருபது, இருநூற்று நாற்பது, நானூறு.
எலுமிச்சை எண்ணெய் தேய்த்ததும்
ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் ஜன்னல் நின்றது.
தலையில் இருந்த கம்பெனிப் பெயரைச் சுரண்டினேன்.
வேறு எதுவும் எழுதவில்லை.

கம்பி ஏற்றி முதல் சுரம்.
ஏறிவிட்டது.
பழக்கத்தில் அழுத்திவிட்டேன்.
கீழே தடுக்க இனி மரம் இல்லை.
விரல் போகும் ஆழத்துக்குக் கம்பியும் போகும்,
சுருதியும் கூடவே போகும்.
மறுபடி. ஏறியது.
மறுபடி.
அங்கே எஞ்சினில் மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது
இந்தக் கைக்கு, எங்கே நிற்பது என்று.

ஒரே கம்பி, ஒரே மெட்டு, மதியம் முழுக்க.
ஐந்தரைக்கு ஒரு முறை சரியாக நின்றது.
என்ன செய்தேன் என்று தெரியவில்லை,
அடுத்த முறை வரவில்லை.

ஆறு ஐந்துக்கு மணி அடித்தது.
எடுத்துப் பார்த்தேன்.
ஓரத் தையலில் மட்டும் இன்னும் ஈரம்,
ஒரு மூலையில் போகாத ஒரு புள்ளி.
அந்த மூலையை உள்ளே வைத்து மடித்தேன்.