மூன்றாம் தொட்டி

பீடோரில், செம்பனைக் காடு தொடங்கும் இடத்தில்,
எங்கள் லயத்துக்குப் பின்னால்
மாவட்ட மன்றம் விளக்குக் கம்பம் நட்டுவிட்டுப் போனது.
அன்று முதல் என் மூன்றாம் தொட்டிக்கு
விடியல் தேவைப்படவில்லை.

கெளுத்திக் குஞ்சுகள் தீவனத்தைத் தொடாமல்
மூலையில் குவிந்தன,
ஒன்றன் வாலை ஒன்று கடித்தன.
காலையில் ஏழு. மறுநாள் பதினொன்று.
வலையில் அள்ளிப் புதைத்தேன்.
"தண்ணி கெட்டுப்போச்சுலா" என்றார் தீவனக்கடை ஆ ஹெங்.
தண்ணீரை மாற்றினேன். உப்பும் போட்டேன்.

கையுறைத் தொழிற்சாலையில்
இரவு வேலை முடித்து வந்த சந்திரமதி,
பன்னிரண்டு மணிநேரம் குழல்விளக்கின் கீழ் நின்ற கண்ணோடு
அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தாள்.
"இதுங்களுக்கு ராத்திரியே இல்லியே."

போன தேர்தலின் பதாகை கொட்டகையில் கிடந்தது.
கவிழ்த்துப் போட்டுத் தொட்டியை மூடினோம்.
வேட்பாளரின் சிரிப்பு இனி மீன்களுக்கு,
அதுவும் இருட்டில்.

ஐந்தாம் வாரம் எடை போட்டபோது
தராசு முள் இறங்கவேயில்லை;
வால்கள் முழுசாக இருந்தன.

மிச்சத் துண்டை அவள்
படுக்கையறை ஜன்னலுக்கு வெட்டிக்கொண்டாள்.
பகல் பத்து மணி.
கண்ணாடியில் வேட்பாளரின் ஒரு காது.
கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு
மீனுக்குத் தீவனம் போடப் போகிறேன்.