பத்தில் ஒன்று

திருநெல்வேலிச் சந்தையில் கறிமிளகாய் விற்றவர்
சத்தியம் பண்ணினார்:
"உறைக்காது பிள்ளை, குழந்தைக்கும் குடுக்கலாம்."
அன்ரனிற்றா நம்பவில்லை.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை அவளுக்கு.
பத்தில் ஒன்று பிழைச்சுத்தான் போகும் என்பாள்.

அரைக் கிலோவில் இருபத்தொன்று நின்றது.
வயிற்றில் ஒரு கீறல். காம்பு கழரக்கூடாது.
தேக்கரண்டிப் பிடியை உள்ளே விட்டுச் சுரண்ட
விதை, நரம்பு, ஒரு தும்மல்.

சீஸ், வட்டப் பெட்டிக்குள் முக்கோணமாய் எட்டுத் துண்டு.
எட்டாவதை நேற்றே யாரோ தின்றாச்சு.
(யாரோ என்றால் நான்.)
காலையிலிருந்து கரண்ட் இல்லை.
வெள்ளித்தாளை உரிக்கப் பாதி தாளோடு போனது
மீதி விரலோடு வந்தது.
இதற்கென்றே வாங்கிய புதுத் துருவி
கழுவின கோப்பைகளுக்கிடையில் சும்மா கிடந்தது.

அவித்த உருளைக்கிழங்கு. பொடியாய் வெங்காயம்.
இடித்த பெருஞ்சீரகம், கறிவேப்பிலை,
அரைவாசித் தேசிக்காய்.
"தேசிக்காயும் சீஸும் ஒத்துவராது, தர்மினி."
"இஞ்ச ஒத்துவரும்."

வீட்டுக்காரர் ஆறு மணிக்கு வருகிறார்.
போனில் சொன்னது இவ்வளவுதான்:
"ஒரு கதை இருக்கு, நேரில கதைப்பம்."
நேரில் கதைக்கிற கதை எதுவும் நல்ல கதையில்லை.
ஸ்காபுரோவில் இருக்கிற மகன்
மேல்மாடிக்குத் திரும்பி வாறானாம்,
பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலுக்கு மேலால் சொன்னவன்.
மேல்மாடி என்றால் நாங்கள்.

நல்லூரில் கொடியேறி ஏழு நாள்.
மீன் கட்லட் இந்த ஒழுங்கைக்குள் நுழையாத காலம்.
அதனால்தான் மிளகாய்க்குள் சீஸ்.
கெஞ்சப் போகிறவள்
வெறுங்கையோடு போகக்கூடாது.

ஈர்க்கு முறித்து வாயைக் குத்தி
கடலைமாவில் தோய்த்து, ரஸ்குத் தூளில் பிரட்டித்
தாச்சியில் விட்டேன்.
முதல் மூன்றும் வாய் திறந்தன.
எண்ணெய் சீறி என் மணிக்கட்டைத் தொட்டது.
வெளியே வந்த சீஸ் சரிகையாய் விரிந்து கருகியது.
அன்ரனிற்றா அந்தச் சரிகையைக் கிள்ளித் தின்று
"மிளகாயே தேவையில்லை" என்றாள்.
நாலாவதிலிருந்து அடுப்பைத் தணித்தேன்.

சிவகடாட்சம் ஐயா கோயிலால் நேரே வந்தார்,
திருநீறு காயாமல்.
தட்டைப் பார்த்தார். மணந்து பார்த்தார்.
"சீஸ் மச்சமோ?"

குப்பைக்குள் கிடந்த பெட்டியை எடுத்து வந்து
போன் வெளிச்சத்தில்
குருநகர்க் கோயிலுக்குப் போகிற அன்ரனிற்றா
அவருடைய விரதத்துக்காகப் பொடி எழுத்தை வாசித்தாள்:
பால். உப்பு. பிறகு மூன்று நம்பர்.
பாலை உறைய வைக்கக்
கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ஒன்றைப் பற்றி
அவளுக்குத் தெரியும்.
அவள் சொல்லி எனக்கும் தெரியும்.
"அப்பிடி ஒண்டும் எழுதியில்லை, ஐயா."
அது உண்மை.

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அப்ப பாவம் எழுதாதவனுக்கு"
என்று ஒன்றை எடுத்துக் கடித்தார்.

பத்தில் ஒன்று.

காது சிவந்தது. நெற்றி வேர்த்துத்
திருநீறு இறங்கிப் புருவத்தில் நின்றது.
தண்ணிச் செம்பை நீட்டினேன், வேண்டாமென்று கையைக் காட்டி
இன்னொன்றை எடுத்தார்.
அதற்குப் பிறகும் ஒன்று.
பிறகுதான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
"ஐப்பசி முடிய விட்டுத்தாங்கோ, பிள்ளையள்.
அவன் வாறான்.
என்னால வேற ஒண்டும் செய்யேலாது."

சரி ஐயா என்றோம்.
சொல்வதற்கு ஒத்திகை பார்த்த ஒன்பது வசனமும்
தொண்டைக்குள்ளேயே கிடந்தன.
எழும்பிப் படியில் இறங்கினவர்
பாதியில் திரும்பி
"மனுசிக்கு ரெண்டு பேப்பரில சுத்தித் தாரும்" என்றார்.
நாலு சுற்றிக் கொடுத்தேன்.

ஏழரைக்குக் கரண்ட் வந்தது. பிறிஜ் உறுமியது.
அன்ரனிற்றா கொழும்புத்துறைப் பக்கம் யாரோ
அறை வைத்திருக்கிறதாய்ச் சொன்னாள்,
பிறகு அங்கே கிணற்றுத் தண்ணி உப்பு என்றாள்.
பேசிப் பேசித் தின்றதில்
தட்டில் ஒன்றுதான் மிச்சம்.

"இருபத்தொன்றுக்கு ரெண்டாவது உறைக்க வேணும்" என்றேன்.
"ஓம்" என்றாள். "ஒன்றுதானே உறைச்சது."

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.
அதன் வாயில் ஈர்க்கு
இன்னும் குத்தினபடியே இருந்தது.