கண்ணளவு

சொத்தவிளைக் கடற்கரையில் சவாரி போகும்
சாம்பல் புள்ளிக் குதிரைக்குச் சுண்டல் என்று பெயர்.
அந்தியூர்ச் சந்தையில் வாங்கும்போது
வயிற்றில் இன்னொன்று இருந்ததை
விற்றவன் சொல்லவில்லை.
"தெரிஞ்சிருந்தா ரெண்டு குதிரை வெலை
கேட்டிருப்பானே டாக்டர்" என்கிறான் ஜெனிஷ்.

இணை சேர்ந்த தேதி இல்லை.
தகப்பன் யாரென்று இல்லை.
இருப்பது ஒரு ஓலைக் கொட்டில்,
நான் தூக்கி வந்த ஸ்கேன் பெட்டி,
அதில் நாற்பது நிமிடச் சார்ஜ்.

தோள்வரை உறை மாட்டி
ஜெல் தடவிய கையை உள்ளே விடுகிறேன்.
பிரபீனா வாலைப் பிடித்துக்கொள்கிறாள்.
சுண்டல் ஒருமுறை என் காலை மிதிக்கிறது,
பிறகு போனால் போகிறது என்று நிற்கிறது.

திரையில் முதலில் வெறும் மழை.
மழைக்குள் ஏதோ எலும்பு.
பிறக்காத குதிரையில் முதுகு கைக்கு எட்டாது,
கால்கள் மடங்கிக் கிடக்கும்,
தலை மட்டும் வாசல் பார்த்திருக்கும்.
கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்,
சாம்பலுக்கு நடுவே
ஒரு கறுப்பு வட்டம்.

கண்.

இந்த ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து
அந்த ஓரத்துக்குக் கோடு இழுக்குமுன்
நகர்ந்துவிடுகிறது.
யாரும் இதுவரை பார்த்திராத ஒன்று
யாரையும் பார்க்காமல் புரள்கிறது.
மறுபடி புள்ளி.
முப்பது மில்லிமீட்டர்.

"ஆணா, பொண்ணா?"
கேட்டது பிரபீனா.
குதிரைக்கு அந்தச் சட்டம் கிடையாது.
ஆனாலும் நாகர்கோவில் ஸ்கேன் சென்டர் சுவரில்
இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தடவை
அவள் உட்கார்ந்து படித்த பலகை
எங்களுக்கு நடுவில் வந்து நிற்கிறது.
தெரியாது என்கிறேன். நிஜமாகவே தெரியாது,
இந்த மாதத்தில் அந்தப் பக்கம் சிக்காது.

"அப்பம், எப்பம் ஈனும்?"

இதற்குத்தான் ஜெனிஷ் என்னைக் கூப்பிட்டது.
கார்த்திகை பிறந்தாயிற்று.
மாலை போட்ட கூட்டம் குமரி பார்த்துவிட்டு
வேன் வேனாக இங்கேயும் ஒதுங்கும்.
ஒரு சுற்று ஐம்பது ரூபாய்.
அவன் வருஷம் இந்த ஐம்பது நாளில்தான் இருக்கிறது.

போனில் அட்டவணையைத் திறக்கிறேன்.
எங்கோ பனியில் நிற்கும்
உயரமான குதிரைகளின் அட்டவணை.
முப்பது மில்லிமீட்டருக்கு அங்கே ஒரு தேதி உண்டு.
காணமும் கடல்காற்றும் தின்று
என் தோளுயரம்கூட இல்லாத இவளுக்கு
அந்தத் தேதி பெரிய செருப்பு.
கொஞ்சம் கழித்தேன். எவ்வளவு கழிப்பது?
"மூணு வாரம் கழிச்சு இன்னொரு தடவை அளக்கணும்.
இப்போதைக்குச் சேணத்தை இறக்கு."
அவன் இறக்கினான். என்னைப் பார்க்காமல்.

மூன்று வாரத்தில் கண் வளர்ந்திருந்தது
ஒரு ரூபாய்க் காசின் கனம்.
அதை நம்பி எழுதிக் கொடுத்தேன்:
தை ஐந்து, முன்னே பின்னே பத்து நாள்.

"அப்பம் மொத்தம் இருபது நாள் இல்லியா?"

ஆமாம்.

தை பிறக்குமுன்பே பாயைக் கொட்டிலில் போட்டான்.
ஐந்து போனது. பத்து போனது.
பன்னிரண்டில் காம்பு நுனியில் மெழுகு.
பதிமூன்று ராத்திரி
கொசுவத்தி வாங்க முக்குவரை போனவன்
திரும்பி வருவதற்குள்
எல்லாம் முடிந்திருந்தது.

விடியலில் நான் போனபோது
நாலு கால் நாலு திசைக்குப் போய்
விழுந்து, எழுந்து, விழுந்தது. பெண்.
குனிந்து முகத்தைத் திருப்பினேன்.
இரண்டு தடவை அளந்த கண்,
இப்போது அதில் பல்பும்
தலைகீழாக நானும் இருந்தோம்.
தும்மிவிட்டுத் தாயிடம் நகர்ந்தது.

மருந்துச்சீட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில்
கோடு போட்டு எழுதினேன்:
சுண்டல். சொத்தவிளை. முப்பது. முப்பத்தொன்றரை.
தை பதிமூன்று.
தகப்பன் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"அடுத்த தடவை தேதி செரியாட்டு சொல்லுவீங்களா?"

"இன்னும் ஒரு முப்பது குதிரை வேணும்" என்றேன்.

ஜெனிஷ் சுண்டலைப் பார்த்தான்.
அது நக்கிக்கொண்டிருந்தது.