நாற்பத்தொரு விநாடி

புந்தா அரேனாஸில் காற்று மிஞ்சும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றை இன்னும் விடாதவள் போலத்தான்
தாழ்வாரத்தில் நின்றாள் யாஸ்னா,
கையில் இரண்டு தாள்.

ஒன்று, அவள் பயிற்சி வகுப்புக்கு நான் தந்த மதிப்பீடு.
மற்றது மரீத்சா பார்ரியாவுடையது.
இரண்டிலும் ஏழாம் வரி ஒன்றே:
"மாணவர் குரலுக்குக் கனிவோடு இடமளிக்கிறார்."

"என் வகுப்பில் யாருமே பேசவில்லையே, ப்ரொஃபே.
நீங்கள் வந்திருந்தீர்களா?"

வந்திருந்தேன்.
கடைசி வரிசையில், பத்து வயதுக்காரன் நாற்காலியில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.
எழுதியதுதான் நானில்லை.

பதினெட்டுப் பேர், ஆறு பள்ளி, ஒரே மாதம்.
பின்னம், அமைதி, பொறுமை, நன்று
என்று நாலு சொல் போட்டால்
மிச்சத்தைக் கோத்துத் தந்துவிடுகிறது கருவி.
பாடக்குறிப்பை அதைக் கேட்டு எழுதாதீர்கள் என்று
மார்ச்சில் இவர்களுக்கு ஒரு மணி நேரம் பேசினேன்.
அந்த உரையையும்...
சரி, அதை விடுங்கள்.

கல்லூரியில் இவர்கள் முதலில் பழகுவது
திரைக்குள் இருக்கும் ஐந்து குழந்தைகளிடம்.
அவற்றுக்கு மூக்கு ஒழுகாது.
தப்பாகச் சொன்னாலும்
பாடம் நடத்த வாகான தப்பாகச் சொல்லும்.
கேள்வி கேட்டால் மூன்று விநாடி பொறு என்று
யாஸ்னாவுக்குச் சொன்னது அந்தத் திரைதான்.
இடப்பக்கத்தையே பார்க்கிறாய் என்றதும் அதுதான்,
மூன்று வகுப்பு உட்கார்ந்தும் என் கண்ணில் படாதது.
பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே சொல்லித்தருகிறது.

அன்றைக்குக் கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி.
முக்காலா, எட்டில் ஐந்தா, எது பெரிது?
அவள் கேட்டது குவென்தெயோவை. வலப்பக்கம், கடைசி.
ஒன்று, இரண்டு, மூன்று.
திரைக் குழந்தை இந்நேரம் வாய் திறந்திருக்கும்.
இவன் பென்சிலின் பின்முனையைக் கடித்தான்.
பத்து.
முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.
யாஸ்னா அந்தப் பக்கம் திரும்பவில்லை.
இருபது.
அவள் கழுத்தில் சிவப்பு ஏறுவது தெரிந்தது.
பலகையில் ஒரு வட்டம் போட்டு
எட்டாக வெட்டிக் காட்டியிருக்கலாம்.
நான் போட்டிருப்பேன்.
முப்பது வருஷமாகப் போட்டுத்தான் வந்திருக்கிறேன்,
எத்தனை மௌனங்களைச் சாக்குக்கட்டியால் பூசி.
அவள் கணப்பில் சாய்ந்துகொண்டாள்,
கட்டாயம் வரும் என்று தெரிந்த பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி.
நாற்பத்தொன்றில் மணி அடித்தது.

சன்னல் திட்டில் கேட்டுக்கொண்டிருந்த கருவி
பதில் இல்லை என்று பதிந்தது.
சரி என்று தொட்டேன்.

கோட்டு மாட்டும் இடத்தில்
ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் ஈரக் காலுறையோடு
குவென்தெயோ அவள் கைச்சட்டையை இழுத்தான்.
"தியா" என்றான்.
அத்தை என்று அர்த்தம். இங்கே பிள்ளைகள்
டீச்சரை அப்படித்தான் கூப்பிடும்.
மற்றதெல்லாம் தகரச் சத்தத்தில் போயிற்று.
அவள் குனிந்தாள்.
விரலை மடக்கி இருவரும் என்னவோ எண்ணினார்கள்.
பிறகு அவன் ஓடிவிட்டான்.
பின்னமா, தொலைந்த கையுறையா, தெரியாது.
நான் கேட்கவில்லை,
அடுத்த பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது.

இப்போது கதவைச் சாத்திக்கொண்டு
ஏழாம் வரியை அழித்துவிட்டு எழுதுகிறேன்:
"நாற்பத்தொரு விநாடி காத்திருந்தார்.
பையன் பிறகு அவரிடம் ஏதோ சொன்னான்.
எனக்குக் கேட்கவில்லை."

பெட்டி சிவக்கிறது.
குறைந்தது இருநூறு எழுத்து வேண்டுமாம்.
அடியில் ஒரு பொத்தான் மினுங்குகிறது:
நான் நிறைவு செய்யட்டுமா?

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.
யாஸ்னா போயிருக்கவில்லை.

"அந்தப் பையன் என்ன சொன்னான்?"

அவள் உடனே சொல்லவில்லை.
நின்றேன்.